தூரத்தின் மேல் போட்ட பழி

என் அம்மாவின் கடைசிக் காலத்தில் நான் போய்ப் பார்க்காததற்குத் தூரம் காரணம் இல்லை. டொராண்டோவுக்கும் சென்னைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தின் மேல் அந்தப் பழியைப் பல ஆண்டுகளாகப் போட்டு வந்திருக்கிறேன். துக்கம் கேட்க வந்த உறவினர்கள், "அவ்வளவு தூரத்துல இருக்கீங்க, என்ன பண்ண முடியும்?" என்றபோது தலையாட்டினேன். இங்கே அலுவலகத்தில் ஆறுதல் சொன்னவர்களும் அதையேதான் சொன்னார்கள், அதற்கும் தலையாட்டினேன். கேட்கிறவர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தை எடுத்துக் கையில் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது. இனி அப்படி வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தூரத்தைச் சொல்லிவிட வேண்டும். அது எவ்வளவு என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் நான் பொய் சொன்னேன்.

டொராண்டோ விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் இந்த வழி தெரியாது. அம்மா படுத்த வருடம் ஒரு ராத்திரி, என் மகளின் மேசையில் இருந்த குளோப்பை எடுத்து, தையல் நூலின் ஒரு முனையை டொராண்டோவிலும் மறு முனையைச் சென்னையிலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். நூல் அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கவில்லை. வடக்கே ஏறிக் கிரீன்லாந்தைத் தொட்டு, நார்வேயின் வடகோடியில் இறங்கி, ரஷ்யாவின் யூரல் மலைப் பக்கம் போய், தாஷ்கண்டை உரசி, இஸ்லாமாபாத் அருகே வந்து இந்தியாவுக்குள் நுழைந்தது. பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அந்த நூல் மேலேயே போக முடிந்தால் 15 மணி நேரத்தில் அம்மா இருக்கும் மாநிலத்தில் கால் வைத்துவிடலாம்.

அப்படி ஒரு நேரடி விமானம் இல்லை. விமானத்தால் முடியாது என்பதல்ல காரணம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடையில் எங்கும் இறங்காமல் 15,300 கிலோமீட்டர் போகும் விமானம் இருக்கிறது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே இருக்கும். சென்னை - டொராண்டோவுக்கு அப்படி ஒன்றை எவரும் விடவில்லை, அவ்வளவுதான். விட்டாலும் இப்போது நூல் போன வழியில் போக முடியாது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடா விமானங்களுக்கு ரஷ்யாவின் வானம் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது.

ஆனாலும் இதெல்லாம் பெரிய தடை கிடையாது. லண்டன் வழியாகப் போகலாம். டொராண்டோவிலிருந்து லண்டனுக்கு 5,700 கிலோமீட்டர், லண்டனிலிருந்து சென்னைக்கு 8,200. கூட்டினால் 13,900. குறுகிய வழியைவிட வெறும் 500 கிலோமீட்டர்தான் அதிகம். லண்டனுக்கு ஏழு மணி நேரம், அங்கிருந்து சென்னைக்குப் பத்து மணி நேரம். வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பலத்த காற்று இருக்கிறது. அதனால் ஊருக்குப் போகும் பயணம் திரும்பி வரும் பயணத்தைவிடச் சீக்கிரம் முடியும். காற்றுகூட எனக்குத் துணையாகத்தான் இருந்திருக்கிறது.

டிக்கெட்டைப் பார்த்தால் இது புரியாது. திங்கள் மாலை 6.30-க்குப் புறப்பாடு, புதன் அதிகாலை 4 மணிக்குச் சென்னை என்று போட்டிருக்கும். ஒன்று டொராண்டோ நேரம், மற்றது சென்னை நேரம். அப்படியே கழித்தால் 33½ மணி நேரம் வரும். குளிர்காலத்தில் டொராண்டோ இந்தியாவுக்கு 10½ மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் 9½. அதையும் கழித்தால் உண்மையான பயணம் 23 மணி நேரம், லண்டனில் காத்திருப்பதையும் சேர்த்து. இந்தக் கழித்தல் எனக்குத் தெரியும். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டாருக்குத் தெரியாது. பின்னால் அது எனக்கு உதவியது. அதையும் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது அக்காதான் காரில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் வந்தாள். நான் பணம் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசினேன். அம்மா முதலில் "எப்பப்பா வர்றே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் அடுத்த பண்டிகையைச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பனி பெய்கிறதா, குழந்தை சாப்பிடுகிறதா என்று கேட்க ஆரம்பித்தார். கேள்வி மாறியதை நான் கவனித்தேன். கவனித்து நிம்மதியும் அடைந்தேன்.

ஒரு நாள் மட்டும், "அங்கேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?" என்றார்.

"இருபத்துநாலு மணி நேரம்மா."

"அவ்வளவுதானா? நானும் அப்பாவும் காசிக்குப் போனப்ப ரயில்ல ரெண்டு ராத்திரி போச்சே."

கணக்கை அம்மா சரியாகத்தான் போட்டார். காசியைவிட டொராண்டோ அவருக்குப் பக்கம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "லீவு கிடைக்கணும்மா" என்றேன். "ஆமாம், வேலை முக்கியம்" என்று அவரே எனக்காகச் சொல்லி முடித்தார்.

இங்கேதான் என் முதல் குற்றம். ஒன்டாரியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு இரண்டு வாரம் விடுப்பு. பிறகு மூன்று வாரம். என் கையில் மூன்று வாரம் இருந்தது. அதை எப்போது செலவழிப்பது என்று நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இப்போது போனால் அம்மாவோடு இருந்துவிட்டு வரலாம். ஆனால் வந்த ஒரு மாதத்தில் ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி போக விடுப்பும் இருக்காது, டிக்கெட் பணமும் இருக்காது. ஆகவே பொறுத்திருந்து, "அது" நடக்கும்போது போவதே சரி. காரியம் முடியும் வரை இருந்துவிட்டு வந்துவிடலாம். ஒரு பயணத்தோடு முடிந்துவிடும்.

அம்மா உயிரோடு இருக்கும்போது பார்க்கப் போவதையும், இறந்த பிறகு கொள்ளி வைக்கப் போவதையும் ஒரு தராசில் வைத்து, கொள்ளி வைப்பதைத் தேர்ந்தெடுத்தேன். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ பேர் இதே கணக்கைப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். விருந்துகளில் அப்பா அம்மா உடம்பைப் பற்றிப் பேசும்போது, "இப்ப போறதா, அப்புறம் போறதா" என்று ஒரு பேச்சு வரும். "அப்புறம்" என்றால் என்னவென்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் புரியும். எவரும் விளக்கம் கேட்பதில்லை.

மூன்று வாரம்தான் என் கையில் இருந்தது என்று சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. ஒன்டாரியோ சட்டத்தில் குடும்ப மருத்துவ விடுப்பு என்று ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள 28 வாரம் வரை சம்பளமில்லாமல் போகலாம், வேலை பறிபோகாது. கூடவே மத்திய அரசின் வேலையிழப்புக் காப்பீட்டில் 26 வாரம் வரை உதவித்தொகை கிடைக்கும். வழக்கமான வருமானத்தில் 55 விழுக்காடு, ஓர் உச்சவரம்புக்குள். நோயாளி கனடாவில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. என்னோடு கணக்குப் பிரிவில் வேலை பார்த்த பஞ்சாபிப் பெண் ஒருவர் தன் அப்பாவுக்காக இந்த விடுப்பில் லூதியானா போய் இருந்துவிட்டு வந்தவர். என் அம்மாவின் நிலை தெரிந்து, விண்ணப்பத்தை எங்கே பார்க்க வேண்டும், மருத்துவர் எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எல்லாம் எழுதியே அனுப்பினார். நன்றி சொன்னேன். அதைத் திறக்கவில்லை. அந்த ஆண்டு என் மேலாளர் பதவி ஓய்வு பெறப் போகிறார், அந்த இடத்துக்கு என் பெயர் அடிபடுகிறது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த நேரத்தில் இடத்தை விட்டு நகர எனக்கு இஷ்டமில்லை. அதுதான் காரணம். அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

மார்கழி தொடங்கியபோது மருத்துவர் அக்காவிடம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். நம் ஊரில் இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒரு மருத்துவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அக்கா அதை அப்படியே எனக்குச் சொன்னாள். "பார்க்க வேண்டியவங்க" யார் என்று அவள் சொல்லவில்லை. நான் வருட முடிவுக் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அம்மா காத்திருப்பார் என்று எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

திங்கள் பிற்பகல் மூன்றரை மணிக்கு அம்மா போய்விட்டார். இங்கே அதே திங்கள், விடியற்காலை ஐந்து மணி. அக்கா அழவில்லை. "எப்ப வருவே? சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி ஏற்பாடு பண்ணணும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "உன்னால முடியலைன்னா நானே கொள்ளி வச்சிடறேன். சித்தப்பாகிட்ட பேசிட்டேன், ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

அவள் வைத்திருக்கலாம். அம்மாவை அந்த மாதங்களில் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டியவள் அவள். அந்த உரிமை அவளுக்குத்தான் இருந்தது. நான், "இல்ல, நான் வந்துடறேன். எடுத்துடாதீங்க, வெயிட் பண்ணுங்க" என்றேன். அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தில்தான் சொன்னேன் என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்தால், ஒரே மகன் வரவில்லை என்று ஊர் பேசிவிடக் கூடாது என்பதுதான் முதலில் என் மனசில் வந்தது.

டிக்கெட் தேடினேன். கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். கட்டணம் ஆண்டிலேயே உச்சத்தில் இருக்கும். இரண்டு வழி இருந்தது. ஒன்று நான் மேலே சொன்ன லண்டன் வழி: அன்று மாலை புறப்பாடு, புதன் அதிகாலை சென்னை. காரில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், புதன் மதியம் வீட்டில் இருக்கலாம். மாலைக்குள் எடுத்துவிடலாம். இன்னொன்று வளைகுடா நகரம் ஒன்றில் நீண்ட நேரம் காத்திருந்து, மும்பையில் இறங்கி, மறுபடி விமானம் மாறிச் சென்னைக்குப் போவது: மொத்தம் 38 மணி நேரத்துக்கு மேல். புதன் இரவுதான் சென்னை. வீட்டுக்குப் போகும்போது வியாழன் அதிகாலை ஆகிவிடும். இருட்டியபின் எடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லாததால் வியாழன் காலைதான் தகனம். முதலாவதன் விலை இரண்டாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

என்னிடம் பணம் இருந்தது. வீட்டின் பேஸ்மென்ட்டைச் சரிசெய்து வாடகைக்கு விட எடுத்து வைத்திருந்த பணம். முன்பணம் கேட்டுக் கான்ட்ராக்டர் காத்திருந்தார். நான் இரண்டாவது டிக்கெட்டை வாங்கினேன். அக்காவைக் கூப்பிட்டு, "வேற டிக்கெட்டே கிடைக்கலைக்கா. கிறிஸ்துமஸ் டைம். வியாழக்கிழமை காலையிலதான் வர முடியும்" என்றேன். நேர வித்தியாசம், தேதி மாற்றம் என்று ஏதேதோ சொல்லிக் குழப்பினேன். அவள், "சரி, பத்திரமா வா" என்றாள்.

நான் வழியில் இருந்த அந்தக் கூடுதல் ராத்திரியில் என் வீட்டில் என்ன நடந்தது என்பதை அக்கா ஒரு வருடம் கழித்துச் சொன்னாள். நான் கேட்டுத்தான் சொன்னாள்.

ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு எடுத்து, நடுக்கூடத்தில் வைத்து, அம்மாவை அதில் வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி மூடி. உள்ளே குளிர், வெளியே டெல்டாவின் மார்கழி ஈரம். கண்ணாடி மேல் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் முகம் தெரியாது. அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். துடைப்பார், பார்ப்பார், மறுபடி பனிக்கும், மறுபடி துடைப்பார். படுக்கச் சொன்னால் எழுந்து போய்ப் படுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். செவ்வாய் ராத்திரி உறவினர்கள் கூட இருந்தார்கள். புதன் ராத்திரி பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்க் காலையில் வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். நடுவில் ஒரு முறை கரண்ட் போனது. எதிர்வீட்டுக்காரர் ஜெனரேட்டரை இழுத்து வந்து போடும் வரை, பெட்டியின் மோட்டார் நின்றுபோன அந்தச் சில நிமிடங்களில், அப்பா இரண்டு கையையும் கண்ணாடி மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றாராம். எதற்கு அப்படி நின்றார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதர். அந்த ராத்திரி அவருக்கு வேண்டியதே இல்லை. நான் காசுக்குப் பார்த்ததால் வந்த ராத்திரி அது.

வியாழன் விடியுமுன் நான் போய் இறங்கினேன். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். "பாவம், ரெண்டு நாளா பிளேன்லயே வந்திருக்கான்" என்று ஓர் அத்தை சொல்லியழுதது இன்னும் காதில் இருக்கிறது. எனக்குக் காபி கொடுத்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு வரிசையாகச் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெட்டி கட்டும்போது, என் பையின் கைப்பிடியில் இருந்த விமான நிலையச் சீட்டை அக்கா பார்த்தாள். அதைக் கிழிக்கப் போனவள் படித்துவிட்டு, "மும்பை வழியாவா வந்தே?" என்றாள். "ஆமாம், லண்டன் வழில சீட் இல்லை" என்றேன். அவள் மகன் சென்னையில் ஐ.டி. வேலையில் இருப்பவன், அம்மா இறந்த அன்றே அவன் இணையத்தில் விமானங்களைப் பார்த்து, லண்டன் வழியில் இடம் இருப்பதை அவளிடம் சொல்லியிருக்கிறான். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஊறுகாய் பாட்டிலை வேட்டியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தாள்.

டொராண்டோ திரும்பிய பிறகு, ஸ்கார்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் துக்கம் விசாரிக்க வந்தார். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். போர் நடந்த காலத்தில் அவருடைய அம்மா இறந்தபோது செய்தியே பல வாரம் கழித்துத்தான் இவருக்கு வந்து சேர்ந்தது. போக வழி இல்லை. போயிருந்தால் திரும்பி வந்திருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. அவரிடமும் நான் வழக்கமான பாட்டைப் பாடினேன்: தூரம், என்ன செய்வது. அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "எனக்குப் போகேலாமல் போச்சு தம்பி. உமக்கு ஃபிளைட் இருந்ததுதானே?" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நான் மழுப்பினேன். அவர் போன பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. போகவே முடியாத ஒருவரின் வார்த்தையை நான் எடுத்து எனக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. தூரம் என்று சொல்ல அவருக்குப் பாத்தியதை இருந்தது. எனக்கு இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகு மாறினேனா என்றால், உடனே மாறவில்லை. அடுத்த இரண்டு கோடையிலும் மகளின் கோடை முகாம், மாடி வேலை என்று ஊருக்குப் போகாமல் தள்ளினேன். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது, "சின்ன ஆபரேஷன்தானே" என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த ராத்திரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்ற பயமும் உள்ளே இருந்தது. அம்மாவைப் பார்க்காததற்குப் பணமும் பதவியும் காரணம். அப்பாவைப் பார்க்காததற்குக் கோழைத்தனம். இரண்டுக்கும் வெளியே சொன்னது ஒரே பெயர்தான்.

இந்த ஆண்டு தை மாதம் போனேன். லண்டன் வழியாகத்தான். இரண்டு விமானத்திலும் நன்றாகவே தூங்கினேன். பயணம் அவ்வளவு சிறியதாக இருந்தது. போன இரண்டாம் நாள் மாலை, அக்கா வீட்டு முற்றத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வேறு டிக்கெட் இருந்தது, வாங்கவில்லை, பேஸ்மென்ட்டுக்காகப் பணத்தை வைத்துக்கொண்டேன், பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு முன்னால் போட்ட விடுப்புக் கணக்கையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் குரல் கம்மியது.

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "தெரியும்டா. உங்கக்கா அப்பவே சொன்னா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புதன்கிழமை ராத்திரிதான் போகவே இல்லை" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. ஒரு நாளும் அதைக் கேட்டு வாங்கக் கூடாது என்று இருக்கிறேன்.

அவர் செய்தித்தாள், வாரப் பத்திரிகை எதையும் விடாமல் படிப்பவர். இதையும் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். அக்காவுக்கு நான் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: கொள்ளியை நீதான் வைத்திருக்க வேண்டும். அன்று உன்னைத் தடுத்தது என் பாசம் இல்லை, என் வீம்பு.

வெளிநாட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இப்ப போறதா, அப்புறம் போறதா" என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், இப்போதே போங்கள். அவர்கள் உங்களிடம் "சாப்பிட்டியா" என்று கேட்கும் நிலையில் இருக்கும்போதே போங்கள். பிறகு நடக்க வேண்டியதை ஊரில் இருப்பவர்கள் நடத்திக்கொள்வார்கள். அதற்கு நீங்கள் போய்ச் சேர முடியாவிட்டால் காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஒன்டாரியோவில் இருப்பவர்கள் அந்த 28 வார விடுப்பைப் பற்றி உங்கள் நிறுவனத்தில் இந்த வாரமே கேட்டு வையுங்கள். அதற்கு வேண்டிய மருத்துவச் சான்றிதழை உங்கள் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் ஊர் மருத்துவரே தரலாம்.